எங்கள் படகைக் குப்பையில் போடாத அக்காவுக்கு

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊரிலிருந்து வந்தீர்கள் என்பதும் தெரியாது. வெள்ளம் வடிந்த பிறகு தூத்துக்குடித் தெருக்களைச் சுத்தம் செய்ய வெளியூர்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்களில் நீங்களும் ஒருவர். எதிர்வீட்டு மாடியிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி சொல்லி, இவ்வளவுதான் தெரியும். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். யாராவது ஒருவர் உங்களிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது.

அப்பா தன் கையால் செய்த குட்டிப் படகு, துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகின் ரிமோட் மாதிரி, நேற்றுத் தண்ணீரில் ஓடியது, அக்கா. அந்தச் சந்தோஷம் தணிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2023 டிசம்பரைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எல்லோர் வீட்டிலும் அதே தண்ணீர், அதே சேறு. நாங்கள் கோவில்பட்டியில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். வீட்டைக் கழுவிவிட வந்த உறவினர்கள், நனைந்து ஊறிய மெத்தை, புத்தகம், பீரோவில் இருந்த துணி என எல்லாவற்றையும் அள்ளி வாசலில் குவித்துவிட்டார்கள். தெரு முழுக்க அப்படித்தான் கிடந்தது. அந்தக் குவியலுக்குள் சேறு பூசி, தலைகீழாக, அந்த இழுவைப் படகும் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாட்டி எத்தனை முறை சொன்னாலும் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். மண்வெட்டியால் குவியலை இழுத்தபோது படகின் முனை வெளியே தெரிந்ததாம். நீங்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் எடுத்தீர்களாம். வண்டி அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டது. கூட வந்தவர்கள் கூப்பிட்டார்கள். நீங்கள் உங்கள் பையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, படகின் பின்பக்கத்தைத் திருப்பி, புரப்பெல்லரும் சுக்கானும் இருக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி விரலால் கழுவினீர்களாம். அந்த வாரத்தில் இந்த ஊரில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் எவ்வளவு பெரிது என்பதை இங்கே இருந்தவர்கள் அறிவார்கள். நாள் முழுவதும் நீங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் அது.

அதோடு விடவில்லை. குந்தி உட்கார்ந்து, சேற்றுக்குள் துழாவி, உடைந்து விழுந்த உருப்படிகளைப் பொறுக்கினீர்கள். பிறகு மாடிப்படிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், இரண்டு செங்கல் மேல் படகை நிமிர்த்தி வைத்தீர்கள். "யாரோ ஆசை ஆசையாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள், குப்பையில் போட மனம் வரவில்லை, வந்தால் கொடுத்துவிடுங்கள்" என்று பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

படகுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. கிழிந்த துணியால் மூடியைக் கட்டியிருந்தீர்கள். திறந்தால் புகைபோக்கி, ஒடிந்த கொடிமரம், கப்பலை இழுக்கும் கயிறு மாட்டுகிற கொக்கி, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பித்தளைச் சன்னல் வளையங்கள். அவற்றுக்கு அடியில், படகின் பக்கவாட்டில் தொங்கும் குட்டிக் குட்டி டயர்கள். அந்த டயர்களைச் செய்தது என் அம்மா. சைக்கிள் வால்வு டியூபை வளையமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நூல் கோத்துக் கட்டியவர். அம்மா இப்போது இல்லை. அவர் கையால் செய்து எங்களிடம் மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. அதை நீங்கள் அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒன்றையும் விடாமல் பொறுக்கி வைத்திருந்தீர்கள்.

அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் என்ஜின் டிரைவராக இருந்தவர். தூத்துக்குடியின் புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகம் ஆனது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பெரிய கப்பல் உள்ளே வரும்போது எல்லோரும் அந்தக் கப்பலைத்தான் பார்ப்பார்கள். அதைத் தள்ளியும் இழுத்தும் தளத்தில் கொண்டுவந்து அணைக்கிற சின்னப் படகின் மீதுதான் அவருக்குப் பிரியம். விடுமுறை நாள்களில் திண்ணையில் உட்கார்ந்து, பிளைவுட்டிலும் தகரத்திலும் அதன் மாதிரியைச் செய்தார். ஜப்பான் போய்வந்த கப்பல்காரர் ஒருவர் வாங்கிவந்த ரிமோட் கருவியைப் பொருத்தினார். எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக ரிமோட்டில் ஓடும் பொருளைப் பார்த்தது அந்தப் படகில்தான்.

நீங்கள் செய்தது எவ்வளவு சரியானது என்பதைப் படகைப் பிரித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தோம். மோட்டாரையும் புரப்பெல்லரையும் இணைக்கும் தண்டு ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் வழியாகப் போகிறது. அதன் வாயில் படிந்த களிமண் காய்ந்து இறுகியிருந்தால் தண்டையும் குழாயையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியிருந்திருக்கும். பிடுங்கினால் அடிப்பலகை பிளந்திருக்கும். நீங்கள் ஊற்றிய தண்ணீரால் வாய் சுத்தமாக இருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் திருப்பினோம், சுற்றியது. அப்பா அழுதுவிட்டார். வெயிலில் வைக்காததும் அப்படியே. ஊறிய பிளைவுட் வெயிலில் சட்டென்று காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், அடுக்குகள் பிரியும். நிழலில் மெதுவாக உலர்ந்ததால் முன்பக்க வளைவு அப்படியே நின்றது. பின்தளத்தில் மட்டும் கொஞ்சம் பலகையை மாற்றினோம்.

அதன் பிறகு உதவியவர்கள் பலர். மீன்பிடிப் படகு கட்டும் ஆசாரி ஒருவர் பலகை வளைக்கச் சொல்லிக்கொடுத்தார். ஃபைபர் படகுப் பட்டறையில் ரெசினும் கண்ணாடி இழைத் துணியும் காசு வாங்காமல் கொடுத்தார்கள். காயில் கட்டும் கடைக்காரர் மோட்டாரைப் பிரித்துத் துருவைத் துடைத்து, புதிய கார்பன் பிரஷ் போட்டுத் தந்தார். பழைய ரிமோட்டைக் காப்பாற்ற முடியவில்லை. சிங்கப்பூரிலிருக்கும் மாமா மகன் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி ஒன்றை அனுப்பிவைத்தான். முன்பு 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் ஆளுயரத்தில் பாதிக்கு ஆன்டெனாவை இழுத்துவிட வேண்டும், இப்போது விரல் நீளம் போதுமாக இருக்கிறது. லித்தியம் பேட்டரி போடச் சொன்னவர்கள் உண்டு. அப்பா ஒப்பவில்லை. இழுவைப் படகு பாதி உடம்பு தண்ணீருக்குள் அழுந்தி நிற்க வேண்டும், எடை குறைந்தால் மேலே மிதந்து தள்ளாடும் என்றார். கனமான ஈய பேட்டரியையே நடுவில் வைத்தோம். அவர் சொன்னதே சரி. எல்லோருக்கும் என் நன்றி. வெள்ள நாள்களில் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து எங்களைப் போன்றவர்களை ஏற்றிச்சென்ற மீனவச் சகோதரர்களுக்கும், பெரியம்மாவுக்கும், பாட்டிக்கும்.

நேற்று, கோரம்பள்ளம் குளத்தில்தான் விட வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அந்த வெள்ளத்தில் கரை உடைந்த குளம் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. "தண்ணீரோடு எனக்குச் சண்டை கிடையாது" என்றார். படகு கரையை விட்டு நகர்ந்து, அரைவட்டம் அடித்து, அவர் திருப்பிய பக்கம் திரும்பியது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா இப்படி ஒரு குட்டிப் படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டியபோது பெரியவர்களே நம்பவில்லை என்று அப்பா அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அக்கா, உங்களைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் ஊரை விட்டு, உங்கள் பிள்ளைகளை விட்டு வந்து, எங்கள் வீட்டுச் சேற்றில் நின்றீர்கள். எங்கே படுத்தீர்கள், நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. காலில் பூட்ஸ் இல்லாமல் வேலை செய்தவர்கள் இருந்ததாகப் பாட்டி சொல்கிறார். அதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. நகரத்தைக் காப்பாற்ற வருகிறவர்களுக்குக் கையுறையும் காலணியும் கொடுப்பது ஒரு பெரிய விஷயமா? எங்கள் தெருவுக்கு யார் சுத்தம் செய்ய வந்தாலும் எங்கள் வீட்டுத் திண்ணையும் குழாயும் கழிப்பறையும் அவர்களுக்குத் திறந்திருக்கும். என் காலம் உள்ளவரை இதை மாற்ற மாட்டேன்.

படகின் மேல்தள மூடியின் உட்புறத்தில் அப்பா சிவப்புப் பெயின்டால் எழுதியிருக்கிறார்: "தூய்மைப் பணியாளர் ஒருவர் மீட்டுத் தந்தது. டிசம்பர் 2023." அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார், உங்கள் பெயர் எழுதுவதற்கு.

அந்த நாள்களில் தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்த யாராவது இதைப் படித்தால், ஐஸ்கிரீம் டப்பாவையும் படகையும் பற்றி உங்களோடு இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவரைக் கண்டால், பயணச் செலவு எங்களுடையது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தங்கும்படி வரச் சொல்லுங்கள். ரிமோட்டை முதலில் அவர் கையில்தான் கொடுப்பேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.