நீலச் சட்டை மந்திரி

பலெர்மோ
17.01.2021

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால் நோ எப்படி? கொரோனாவால் இன்றிலிருந்து சிசிலி முழுக்கச் சிவப்பு வலயம், வெளியே போக வழியில்லை. நான் பார்க்கிற ஆச்சி நித்திரை. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

போன புதன்கிழமை இங்கே இத்தாலியின் விவசாய மந்திரி பதவியை விட்டுவிட்டார். தெரேசா பெல்லனோவா என்று பெயர். எனக்கு அது என்னவோ வீட்டுச் செய்தி மாதிரி இருந்தது.

2019 செப்டம்பரில் அவர் பதவியேற்றதை ஆச்சியின் டிவியில் பார்த்தேன். நல்ல உடம்பு, அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த பளீர் நீலச் சட்டை. அந்தச் சட்டையையும் உடம்பையும் எத்தனை பேர் நக்கலடித்தார்கள்! பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றதாம், அதற்கும் நக்கல். சந்தோஷமாக இருந்தேன், அதற்கேற்ற மாதிரி உடுத்தேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆச்சியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தெற்கே புலியா மாகாணத்துக்காரி, 1958இல் பிறந்தவர். 14 வயதில் தோட்டக் கூலி. நீங்கள் விடியமுன் வெங்காயம் பிடுங்கப் போவீர்களே, அந்த மாதிரித்தான். ஆனால் இங்கே கங்காணி என்று ஒருவன் இருப்பான். பெண்களை வானுக்குள் அடைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கூலியில் தன் பங்கை வெட்டிக்கொள்வான். அதைப் பார்த்து வளர்ந்தவர் சின்ன வயதிலேயே தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். பல வருஷம் சங்க வேலை, 2006இல் பாராளுமன்றம், அப்புறம் துணை மந்திரி. கடைசியில் தோட்டங்களுக்கே மந்திரி!

கொரோனா வந்ததும், விசா இல்லாமல் தோட்டங்களில் கிடப்பவர்களுக்கு விசா கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு. போன மே 13ஆம் திகதி அதை அறிவிக்கும்போது குரல் உடைந்து அழுதுவிட்டார். அந்த அழுகையையும் விடவில்லை, கேலி செய்தார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஆகஸ்ட் 15 வரை இரண்டு லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள். அதில் நூற்றுக்கு 85 என்னைப் போல வீட்டு வேலை செய்பவர்களுடையது. இந்த ஆளை வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று முதலாளிதானே எழுதிக் கொடுக்க வேண்டும்? எத்தனை தோட்டக்காரன் கொடுப்பான்? நெல்லுக்கு இறைத்த தண்ணீரைப் புல்லு குடித்த கதை. நான் அந்தப் புல்லு.

விண்ணப்பத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய 500 யூரோவை ஆச்சியின் மகன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, கடைசியில் என் சம்பளத்தில் கழித்தார். சரி, போகட்டும். ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்து எடுத்துப் பார்த்து மடிப்பு நைந்துவிட்டது. விசாவுக்குக் கூப்பிடும் கடிதம் இன்னும் வரவில்லை.

மந்திரியில் எனக்குக் கோபமும் உண்டு. பதவியேற்ற மாதமே தன்னுடைய ஜனநாயகக் கட்சியை விட்டு முன்னாள் பிரதமர் ரென்சியின் புதுக் கட்சிக்குப் போனார். இப்போது அந்தக் கட்சிக்காகப் பதவியையும் விட்டார். இத்தனை சனம் சாகிற நேரத்தில் அரசை ஆட்டிப் பார்க்கிற விளையாட்டு எதற்கு? எங்கள் விண்ணப்பங்களை இனி யார் கேட்பார்கள்?

விசா கைக்கு வந்தால்தான் ஊருக்கு வந்து திரும்ப முடியும். அனுப்பிய காசில் முதலில் கிணற்று மோட்டரைத் திருத்தும்படி தம்பியிடம் சொல்லுங்கள். போனமுறை மாதிரி ஃபோன் வாங்கிவிடப் போகிறான்.

ஆச்சி எழும்பிவிட்டார், கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்