பொருநைக் கரையில் என்னை உள்ளே விட்டவர்களுக்கு

பாளையங்கோட்டையில் நடந்து முடிந்த என் புகைப்படக் கண்காட்சிக்கு வந்தவர்களில் பலர், "இத்தனை இடங்களுக்குள் உங்களை எப்படி விட்டார்கள்?" என்று கேட்டார்கள். விட்டவர்கள் யார் யார் என்பதைப் பொதுவில் சொல்லி நன்றி கூறவே இந்த மடல்.

முதல் நன்றி பத்தமடைப் பாய் நெசவாளர்களுக்கு. அறுத்த கோரையை உலர்த்தி, பொருநை என்னும் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்தெடுக்கும் பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் என் கேமராவுக்கு அவர்கள் இடம் கொடுத்தார்கள். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாயின் முன் அமர்ந்திருந்த தாயார் ஒருவர், "கையை எடுத்துக்கோங்க, முகம் வேண்டாம்" என்றார். கண்காட்சியில் எல்லாரும் நின்று பார்த்த விரல்களின் படம் அப்படித்தான் கிடைத்தது. அவர் மறுத்ததை நான் தடையாக எண்ணவில்லை. அந்தத் தொழிலில் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார் என்றே எண்ணுகிறேன்.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் மகுடம் என்னும் தோற்கருவி ஒலிக்கப் பாடிய கணியான் கூத்துக் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி அவர்களுக்கு என் வணக்கம். எதுவரை படமெடுக்கலாம், சாமி வந்து ஆடும்போது எங்கே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கூத்து தொடங்குமுன்பே என்னை அருகில் உட்காரவைத்து விளக்கினார். "ஃபிளாஷ் போடாம எடுங்க அண்ணாச்சி" என்பது ஒன்றே அவர் விதித்த நிபந்தனை. பெண் வேடமிட்டு ஆடும் கலைஞர்கள், ஒப்பனை செய்துகொள்ளும் நேரத்திலும் என்னை உடனிருக்க அனுமதித்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக நான் எதுவும் செய்துவிடவில்லை.

நெல்லைச் சீமை என்றாலே அரிவாளும் பகையும்தான் என்று நம் திரைப்படங்கள் பல ஆண்டுகளாகக் காட்டிவந்திருக்கின்றன. அதே திரையில்தான், 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை'யில், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஒலித்தது. அந்த இசையை இன்றும் கேட்டு மகிழும் நாம், அவர் பெயரோடு சேர்ந்திருக்கும் ஊரைச் சென்று பார்ப்பதில்லை. சூளை பிரிக்கும் நாளைத் தொலைபேசியில் சொல்லி என்னை அங்கே வரவழைத்த காருகுறிச்சி மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு, ஆகவே, கூடுதலாகவே கடன்பட்டிருக்கிறேன்.

கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கூழைக்கடாக்களையும் நாரைகளையும் காத்துவருபவர்கள் அவ்வூர் மக்கள். வீட்டுப் பக்கத்து மரங்களில் கூடு கட்டும் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கும் வெடியைத் தவிர்ப்பவர்கள். கூடுகளுக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று எனக்கு இடம் குறித்துக் கொடுத்த பெரியவர்களுக்கும், குஞ்சுகள் இருக்கும் கிளைகளைக் கைகாட்டிய சிறுவர்களுக்கும் நன்றி.

படங்களை அச்சிட்டுச் சட்டமிட்டுத் தந்த நண்பர்களும், பசித்த வேளையில் சோறு போட்ட வீடுகளும் என் நினைவில் இருக்கிறார்கள்.

படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியை நானே நேரில் கொண்டுவந்து தருவேன். தம் படம் வேறெங்கும் வைக்கப்பட வேண்டாம் என்று யாரேனும் கருதினால், அப்போது என்னிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த கண்காட்சியில் அந்தப் படம் இருக்காது.