நடமாடும் ரிலே நிலையத்தைக் கோயில் மேட்டில் நிறுத்தக் கோரி மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
கோலகங்சார் மாவட்டம், பேராக்.

அனுப்புநர்:
தோட்டக் குடியிருப்பாளர்கள்,
சுங்கை சிப்புட் வட்டாரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்திற்குக் கைப்பேசிச் சேவைக்கான ரிலே வாகனம் ஒன்று வந்தது. அதைத் தோட்ட அலுவலகத்தின் முன், தார்ச்சாலை முடியும் இடத்தில் நிறுத்தினார்கள். லாரி திரும்புவதற்கு அருமையான இடம்தான். ஆனால் பின்னால் குன்று, சுற்றிலும் ஓங்கி வளர்ந்த செம்பனை. சில வாரங்களில் "பயன்பாடு குறைவு" என்று சொல்லி வாகனத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். கிடைக்காத அலையை யார் பயன்படுத்துவது?

ரிலே என்பது பட்டணத்துக் கோபுரத்திடமிருந்து வாங்கி வீடுகளுக்குத் தருவது. வாங்கும் வழி, தரும் வழி ஆகிய இரண்டில் எது நலிந்ததோ, அதற்கு மேல் எங்களுக்கு வேகம் கிடைக்காது. லயத்தை (தொழிலாளர் வீட்டு வரிசையை) ஒட்டி நிறுத்தினால் கைப்பேசியில் கோடுகள் நிறையக் காட்டும். கோபுரம் மறைந்திருந்தால் ஒரு குரல் செய்திகூடப் போகாது. சென்ற முறை நடந்தது அதுதான்.

பிள்ளையார் கோயில் மேட்டிலிருந்து இரவில் கோபுரத்தின் சிவப்பு விளக்கு தெளிவாகத் தெரிகிறது. எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகள் மாலையில் அந்தப் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்துதான் பாடங்களை இறக்கிக்கொள்கிறார்கள். வங்கிச் செயலியில் ஒப்புதல் தர வேண்டியவர்களும் அங்கேதான் ஏறி வருகிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் எங்கள் மக்களே அளந்து வைத்திருக்கும் இடம் அது.

குறை ஒன்றும் உண்டு. பழைய ரப்பர் புகைக்கூடத்தின் செங்கற்சுவர் கீழ் லயத்தை மேட்டிலிருந்து மறைக்கிறது. வாகனத்தின் கம்பத்தைச் சுவருக்கு மேல் உயர்த்த முடியுமா, அல்லது சாலை வளைவில் நிறுத்துவது மேலா என்பதை இரண்டு இடங்களிலும் நிறுத்தி அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். கீழ் லயம், தமிழ்ப்பள்ளி, மருந்தகம் ஆகிய மூன்றிலும் அளக்கட்டும். மழை விட்ட பிறகும் ஒருமுறை அளக்கட்டும், ஈர ஓலை அலையைக் கூடுதலாக விழுங்கும். வீடுகளுக்குத் தரும் பக்கத்தில் 2600 மெகாஹெர்ட்ஸை விட 900 போன்ற தாழ்ந்த அலைவரிசையே மரங்களைத் தாண்டிவர ஏற்றது. வாங்கும் ஆன்டெனாவும் தரும் ஆன்டெனாவும் ஒன்றையொன்று குலைக்காதபடி போதிய இடைவெளி விடுவதும் முக்கியம்.

நிரந்தரக் கோபுரம் வரும்போது வரட்டும். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் அங்கே வழி திறக்கும், இன்னொரு பகுதி வளர்ந்து அடைக்கும். சக்கரத்தில் நிற்கும் நிலையத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம்.

கோயிலிலிருந்து மின்சாரம் தரக் கோயில் நிர்வாகம் இசைந்துள்ளது. நிலம் தோட்ட நிர்வாகத்தினுடையது. எங்கள் வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. ஆகவே, வாகனம் மேட்டில் நிற்க அனுமதி கோரித் தோட்ட நிர்வாகத்திற்குத் தாங்கள் ஒரு கடிதம் அனுப்பவும், தொழில்நுட்பக் குழு அளக்க வரும் நாளை எங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். வழிகாட்ட ஆள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தோட்டக் குடியிருப்பாளர்கள்