கேட்டை மறித்து நிற்கும் கார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சென்னையின் வாகன நிறுத்தம் பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான சும்டா தயாரித்த வாகன நிறுத்தக் கொள்கை, கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற யோசனை, தி.நகர் பாண்டி பஜாரில் வண்டி நிறுத்தப் படும் பாடு என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். நடுவில் ஒரே ஒரு வாக்கியம். தனி வீட்டுக்காரர்கள் தங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் தெருவைப் பாட்டன் சொத்தாக நினைக்கிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

தெரு எங்களுடையது இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதில் நிறுத்த நாங்கள் இடம் கேட்கவில்லை. எங்கள் கார் வீட்டுக்குள் நிற்கிறது. அது வெளியே வர ஒன்பதடி வழி வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம். இந்த வித்தியாசத்தைத் தங்கள் கட்டுரையாளருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

நங்கநல்லூரில் நாங்கள் வீடு கட்டியபோது இது ஆலந்தூர் நகராட்சி. வீட்டில் இருந்தது ஒரு ஸ்கூட்டர். அப்படியிருந்தும் வரைபட அனுமதிக்காக முன்னாலும் பக்கத்திலும் விட வேண்டிய இடத்தை விட்டுத்தான் கட்டினோம். இன்னொரு அறை எடுத்திருக்கலாமே என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். ரூல் இருக்கிறதம்மா என்று என் கணவர் பதில் சொல்வார். பிறகு நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டம் கொண்டு வந்தபோது வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார்கள். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய தொகை. கொடுத்தோம், தெரு முழுக்கக் கொடுத்தது. மக்கள் பணம் போட்டு நடந்த அந்தத் திட்டத்தை வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தங்களுக்கும் தெரிந்திருக்கும். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2022-ல் சொத்து வரி கூடியது, அதையும் கட்டுகிறோம். பொதுக் காரியம் என்றால் இந்தத் தெருக்காரர்கள் என்றைக்கும் பின்வாங்கியதில்லை. எங்களைப் பார்த்துப் பாட்டன் சொத்து என்று எழுதினால் வலிக்காதா?

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அவரை நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். எனக்கு அறுபத்தாறு வயது. முதல் ஷிப்ட் விடியற்காலை ஆறு மணிக்கு. சில மாதங்களுக்கு முன்பு ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்தால், குறுக்கே ஒரு வெள்ளைக் கார், இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியில் போன் நம்பர் கிடையாது. எதிர்வீட்டு மாமியை எழுப்பினேன், பக்கத்து அடுக்குமாடி வாட்ச்மேனை எழுப்பினேன். யாருடைய கார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மெயின் ரோடு வரைக்கும் நடந்துபோய் ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தேன். போய்ச் சேர்வதற்குள் அவருடைய மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கே காத்திருப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள்தான். அடுத்த ஷிப்ட் வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கி, பேசும்போதே மூச்சு வாங்கியது. தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டிய மனிதர் அவர். திரும்பி வந்து பார்த்தபோது கார் போய்விட்டிருந்தது.

புகார் சொல்லப் போனேன். ஓர் அலுவலகத்தில், தெருவில் நிற்கும் வண்டி என்றால் போலீஸ்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், உள்தெரு என்றால் வார்டு ஆட்களிடம் சொல்லுங்கள், வண்டி நிற்கும்போது போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார்கள். ஐந்தரை மணிக்கு டயாலிசிஸ் நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போட்டோ எடுக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டு சாலை விதிகளிலேயே, வாகனம் நிறுத்தக் கூடாத இடங்களில் பஸ் ஸ்டாப், பள்ளி வாசல், ஆஸ்பத்திரி வாசல், தீயணைப்புக் குழாய் இவற்றோடு ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறிப்பதும் சேர்ந்திருந்தது. 2017-ல் அவற்றைப் புதிதாக எழுதியபோது பட்டியல் நீண்டதே தவிரக் குறையவில்லை. 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் நோ பார்க்கிங் அபராதம் முதல் முறை ஐந்நூறு ரூபாய், மறுபடியும் செய்தால் ஆயிரத்து ஐந்நூறு. இதெல்லாம் தி.நகரிலும் அண்ணா சாலையிலும் வசூலாகிறது. எங்கள் தெருவில் யாராவது ரசீது வாங்கி நான் பார்த்ததில்லை.

அனுமதியில்லாமல் வீட்டு வாசலில் நோ பார்க்கிங் பலகையோ மணல் மூட்டையோ பூந்தொட்டியோ வைத்தால் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை எச்சரித்திருப்பதையும் படித்தேன். சரி, வைக்கவில்லை. நாங்கள் வைக்கக் கூடாது என்றால் வேறு யாராவது வைக்க வேண்டும், அல்லது மறிப்பவரை யாராவது கேட்க வேண்டும். இரண்டும் நடக்காத தெருவில் ஒரு கிழவி தொட்டி வைத்தால் அதுதான் குற்றமா?

இவ்வளவு கார்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் தங்கள் கட்டுரை தொடவில்லை. நங்கநல்லூர் கோவில்கள் நிறைந்த ஊர். 32 அடி ஆஞ்சநேயரைப் பார்க்க வருகிறவர்கள் சனிக்கிழமைகளில் நிறுத்தத்தான் செய்வார்கள். அரை மணியில் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், ஹாரன் அடித்தால் ஓடி வந்து எடுப்பார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. காலையில் நிறுத்திவிட்டு ரயிலேறிப் போய் ராத்திரி வருகிறவர்கள் வேறு. அவர்களைவிடப் பெரிய காரணம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தபோது சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, ஒன்றரையிலிருந்து இரண்டானது. அதே மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டலாம். தனி வீடுகள் ஒவ்வொன்றாகப் பில்டர் கைக்குப் போயின. விற்றவர்களைக் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள். ஆனால் தெரு அகலமாகவில்லை. இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு, அன்றும் இன்றும் அதே அகலம்.

வரைபடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் இருக்கும், அதாவது கட்டடத்தைத் தூண்கள்மேல் எழுப்பி அடியில் கார்களுக்கு விடும் இடம். அனுமதி வாங்கிக் கட்டி முடித்த பிறகு பாருங்கள். ஒரு மூலையில் வாட்ச்மேன் அறை, இன்னொரு மூலையில் ஜெனரேட்டர், நடுவில் தடுப்புச் சுவர் எழுப்பி ஒரு டியூஷன் சென்டர் அல்லது குடோன். அங்கே நிற்க வேண்டிய கார்கள் எங்கள் கேட்டில் நிற்கின்றன. போய்ப் பார்த்திருக்க வேண்டியவர்கள் யார்? கட்டி முடித்ததும் கொடுக்க வேண்டிய நிறைவுச் சான்றுதான் அதற்கு இருந்த முக்கியச் சோதனை. 2024-ல் 750 சதுர மீட்டருக்குள் எட்டு வீடுகள் வரை உள்ள குடியிருப்புகளுக்கு அந்தச் சான்றே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சான்று இல்லாததால் சின்ன வீட்டுக்காரர் மின் இணைப்புக்கு அலையக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். எட்டு வீடு என்றால் குறைந்தது எட்டு கார், ஆசிரியர் அவர்களே. காகிதத்தில் காட்டிய இடத்தில்தான் அவை நிற்கின்றனவா என்று இனி யார் பார்ப்பார்கள்?

மீறிக் கட்டியவர்களுக்கு இந்த ஊரில் எப்போதும் ஒரு கதவு திறந்தே இருந்திருக்கிறது. நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து 1999 பிப்ரவரிவரை கட்டியதை வரன்முறை செய்தார்கள். பிறகு 113-சி என்று சேர்த்து 2007 ஜூலைக்கு முன்பு கட்டியதற்கும் வழி செய்தார்கள். விதிப்படி இடம் விட்டுக் கட்டிய எங்களுக்கு என்ன சலுகை வந்தது?

நில உபயோகம் மாறுவதும் இப்படித்தான். எங்கே குடியிருப்பு, எங்கே வணிகம் என்று நிறம் பிரித்துக் காட்டி 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் எங்கள் பகுதியை என்ன நிறத்தில் காட்டியிருக்கிறார்கள் என்று தெருவில் பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். குடியிருப்பை வணிகமாகவோ கலப்புக் குடியிருப்பாகவோ மாற்ற யாராவது விண்ணப்பித்தால் பத்திரிகையில் கடுகு எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். நான் பார்த்தவற்றில் சர்வே எண்ணும் வருவாய்க் கிராமத்தின் பெயரும்தான் இருந்தன. அது என் வீட்டுக்கு மூன்றாவது வீடு என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பிறகு போனால் ஆட்சேபம் சொல்லும் கெடு முடிந்துவிட்டது என்பார்கள். டாக்டர் ஒருவர் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பதை நாங்கள் யாரும் எதிர்த்ததில்லை. நூறு பேர் வந்து சாப்பிடும் இடமும் இருநூறு பேர் தங்கும் ஹாஸ்டலும் அதே தெருவுக்குள் வந்தால் அவர்களுடைய வண்டிகள் எங்கே போகும் என்று அனுமதிக்கு முன்பே கேட்டிருக்க வேண்டாமா? மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிறது என்கிறார்கள். அதிலாவது தெருவின் அகலத்தைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

ரோடு போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள் உத்தரவிட்டார். அதற்குள் எங்கள் வாசல் தெருவைவிட ஒரு முழம் கீழே போய்விட்டது. மழைநீர் வடிகால் போட்டபோது கேட்டுக்கு முன்னால் இருந்த சரிவை உடைத்தார்கள். வடிகால் தேவை, உடைத்ததில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. திரும்பக் கட்டித்தரவில்லை. நாங்களே கட்டினால் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும். கட்டாவிட்டால் கார் அடி தட்டும். ஒரு பலகையை வைத்து ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

காருக்கு வீட்டுக்குள் இடம் விடு என்று விதி போட்டது அரசாங்கம். அந்த இடத்துக்குப் போகும் வழியைக் காப்பதும் அதே அரசாங்கத்தின் வேலை. சான்று காட்டினால்தான் கார் என்ற விதி நாளைக்கே வந்தால் அந்தச் சான்றை முதலில் காட்டுகிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஆனால் காரை உள்ளே நிறுத்திவிட்டு வெளியே எடுக்க முடியாமல் நிற்கிறவருக்கு அந்தச் சான்றால் என்ன பயன்?

தாங்கள் மனது வைத்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டு நுழைவாயிலை மறித்து வாகனம் நிறுத்தக் கூடாது என்ற விதியையும், அதற்கான அபராதத் தொகையையும், விடியற்காலையில் எந்த எண்ணுக்கு அழைத்தால் ஆள் வருவார் என்பதையும் அதிகாரிகளிடமே கேட்டு, அடுத்த இதழில் தமிழில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். பெரிய எழுத்தில் இருக்கட்டும். அரைப் பக்கம் போதும். அதை வெட்டி லேமினேட் செய்து கேட்டின் உள்பக்கக் கம்பியில் கட்டிக்கொள்கிறேன். உள்பக்கம் என்பதால் யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
நங்கநல்லூர், சென்னை – 61