ஸ்டேட் தெருமுனைக் கட்டடம்

அன்புள்ள ராகவா,

சிகாகோவில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைக் கட்டடத்தில் எந்தெந்தக் கடைகள் இருந்தன என்று நீ தொகுத்த பட்டியல் வந்தது. முதல் வரியிலேயே கார்சன் பிரி ஸ்காட் கடை என்று போட்டிருக்கிறாய். அது மூன்றாவது பெயரப்பா. கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவனை வைத்துக் கட்டியது ஷ்லெசிங்கர் அண்ட் மேயர் ஜவுளிக்கடை. 1899-ல் மேடிசன் தெருப் பக்கம் ஒன்பது மாடி, 1903-04-ல் முனையில் பன்னிரண்டு மாடி. 1904-ல் ஹாரி செல்ஃப்ரிட்ஜ் வாங்கி, சில மாதங்களிலேயே கார்சனுக்குக் கைமாற்றிவிட்டார். 1909-ல் லண்டனில் பெரிய கடை திறந்த அதே செல்ஃப்ரிட்ஜ்தான்.

பழைய படங்களுக்கு ஆண்டு குறிக்கத் தெற்குப் பக்கத்துத் தூண் இடைவெளிகளை எண்ணு. 1906-ல் பர்னம் என்ற கட்டடக் கலைஞர் ஐந்தைச் சேர்த்தார். 1961-ல் ஹோலபர்ட் அண்ட் ரூட் என்ற கட்டடக்கலை நிறுவனம் மேலும் மூன்று. இருவரும் சல்லிவன் வரைவையே பின்பற்றியதால் ஒட்டு தெரியாது, எல்லாமே 1904 என்று ஏமாந்துபோவோம். உச்சியில் கார்னிஸ், அதாவது வெளியே நீட்டிய விளிம்பு, இருக்கிறதா என்றும் பார்: 1948-ல் எடுத்துவிட்டார்கள், 2006-ல்தான் மறுபடி வைத்தார்கள்.

உன் பட்டியலில் பெரிய குழப்பம் கதவிலக்கத்தால் வந்தது. சிகாகோ 1909-ல் எண்களை மாற்றியபோது நகர மையத்தை விட்டுவைத்தது. அங்கே 1911-ல்தான் மாறியது. அதற்கு முந்தைய நகர டைரக்டரியில், அதாவது பெயர், முகவரிப் புத்தகத்தில், உள்ள எண்ணை இன்றைய எண்ணாக எடுத்தால் வேறொரு கடைக்காரர் உன் கட்டடத்துக்குள் குடியேறிவிடுவார். மாற்று அட்டவணை அந்தக் காலத்திலேயே அச்சாகியிருக்கிறது. எண்ணை அதில் பார்த்த பிறகு பெயரைத் தேடு. டைரக்டரிக்கு விவரம் திரட்டி அச்சடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும், அதனால் கடை திறந்த நாளுக்கு நாளிதழ் விளம்பரமே சாட்சி. டைரக்டரியும் எல்லா ஆண்டும் வரவில்லை: 1917-க்குப் பிறகு 1923, அடுத்து 1928-29. அதோடு நகர டைரக்டரி நின்றது. பிந்தைய ஆண்டுகளுக்குத் தொலைபேசிப் புத்தகம்தான்.

சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தில் முகப்புத் தாளின் ஆண்டை மட்டும் நம்பாதே. மாற்றம் வந்தபோதெல்லாம் பழைய தாள்மேலேயே திருத்தத் துண்டு ஒட்டுவார்கள். ஒரே பக்கத்தில் பல ஆண்டுகள் இருக்கும். செங்கல்லுக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள். கருப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமில் இது போய்விடுகிறது, வண்ணப் பிரதியையே கேள்.

2007-ல் கார்சன் மூடியதும் கதை முடிந்ததாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதற்குப் பிறகுதான் சுவாரசியம். எஃகுச் சட்டகம் சுமையைத் தாங்குவதால் உள்ளே சுமைச்சுவர் இல்லை; அகன்ற தளங்களை வேண்டியபடி தடுத்துக்கொள்ளலாம். மேலே அலுவலகங்களும் கலைப்பள்ளியும் வந்தன, 2012-ல் கீழ்த்தளங்களுக்கு டார்கெட் பல்பொருள் கடை. கட்டடத்துக்கு இப்போது சல்லிவன் சென்டர் என்று பெயர், கட்டிய கடையின் பெயரை யாரும் சொல்வதில்லை.

அடுத்த பிரதியில் மாடி எண்ணுக்குத் தனி நிரல் போடு. மேல்மாடி வாடகைதாரரையும் தரைத்தளக் கடையையும் ஒரே வரியில் எழுதினால் யார் எப்போது காலி செய்தார் என்று பிரிக்க முடியாது.

அன்புடன்,
முத்து