சம்மணமிட்டு யாரும் நெய்வதில்லை

கைத்தறி நாள் ஓவியப் போட்டியின் நடுவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் தறி நெய்யும் பெரியவரை வரைந்த படத்துக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறீர்கள். நானும் போய்ப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பட்டுநூலில் விழுகிற இடம் அருமை, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஆனால் பெரியவர் தறிமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்படி உட்கார்ந்தால் மிதியை யார் மிதிப்பது?

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் இரண்டு காலும் இருக்கும். மிதியை அழுத்தினால் நூல்களைக் கோத்திருக்கும் விழுது ஏறி இறங்கும், நீளவாட்டில் கட்டிய நூலான பாவு இரண்டாகப் பிரியும், அந்த இடைவெளியில்தான் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் கசியும். அப்பா சாக்கு விரித்துக்கொள்வார்.

சரி, குழியை விடுங்கள். படத்தில் அவர் தனியாக இருக்கிறாரே, அதுதான் எனக்கு உறுத்தியது. உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலை ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் கரைக்கொன்று, ஆக மூன்று நாடா. ஒரு கரையின் நாடாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. அம்மா அடுப்படிக்கு எழுந்து போனால் நான். வாய்ப்பாடு முழுக்க அங்கே உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்தேன். நாடாவுக்குள் வைக்கும் நூல்கண்டான தாரைச் சுற்றியது பாட்டி. கூலி மட்டும் அப்பா பெயரில் ஏறும். இப்போது படத்திலும் பெரியவர் மட்டும்தான்.

ஓவியர் வான்கோ 1884-இல் நெதர்லாந்தின் நூனன் ஊரில் நெசவாளர் வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து வரைந்தார். ஒரு பழைய ஓக் மரத் தறியில் 1730 என்று செதுக்கியிருந்ததைக்கூடக் கவனித்துத் தம்பிக்கு எழுதினார். அவருடைய ஒரு படத்தில் தறிக்குப் பக்கத்தில் உயர நாற்காலி, அதில் ஒரு குழந்தை. பார்த்ததும் எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. நம் ஓவியர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துக்குப் பஸ் ஏறினால் போதும்.

அடுத்த கைத்தறி நாளான ஆகஸ்ட் 7-க்கு முன்னால், போட்டியில் சேருகிறவர்களை ஒரு நாளாவது தறி வீட்டில் உட்கார வையுங்கள். நடுவர்களும் எங்கள் வீட்டுக்கு வரலாம், குழியில் காலை விட்டுப் பார்க்கலாம். காபி குடித்த கையோடு பாவைத் தொட்டுவிடாதீர்கள், அம்மா திட்டுவார்.

இப்படிக்கு,
தறி வீட்டுப் பெண்