பெரியப்பா எடுத்த படம் மங்கல் இல்லை

குளச்சல்

அன்புள்ள மக்களே,

சுகந்தானே? இங்கே அம்மைக்கும் எனக்கும் சுகம்.

போன கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது பெரியப்பா எடுத்த பழைய பிலிம் ரீல்களைப் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்தாய்; படம் மங்கலாகத் தெரிந்ததும், "பெரியப்பா எடுக்கும்போதே போக்கஸ் பண்ணல்லப்பா" என்று சொன்னாய். அன்றிலிருந்து அது என் மனசில் கிடந்து உறுத்தியது. அண்ணன் எந்தக் காரியத்தையும் அப்படி அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. இந்த இடவப்பாதி மழையில் வெளியே இறங்க வழியில்லாமல் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். குற்றம் படத்தில் இல்லை மக்களே, மெஷினில்தான்.

முதலில் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். சிலந்தி வலை போலப் பூசணம். இந்த உப்புக் காற்றில் இத்தனை வருஷம் கிடந்தால் வேறென்ன ஆகும்? துடைத்ததும் பால் கலந்தது போலிருந்த வெளுப்பு போயிற்று, கறுப்பு கறுப்பாகவே தெரிந்தது. ஆனாலும் முகங்கள் தெளியவில்லை. பூசணம் படத்தை வெளிறச் செய்யும், இப்படிக் கலைத்துப் போடாது என்று அப்போதுதான் பிடிபட்டது.

போக்கஸ் வைத்தாலும் ஒரு நிமிஷத்தில் நழுவியதே, அதற்குக் காரணம் வேறு. லென்ஸ் செருகியிருக்கிற குழலில் இருந்த பழைய கிரீஸ் வற்றிப்போய், மோட்டார் அதிர்வில் லென்ஸ் தானாக நகர்ந்திருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினேன். நின்றுவிட்டது.

உண்மையான சங்கதி கேட்டில் இருந்தது. பல்புக்கும் லென்ஸுக்கும் நடுவே பிலிம் இறங்கிப்போகிற சின்ன ஜன்னலைத்தான் கேட் என்பார்கள். திரையின் ஓரத்தில் ஒரு மயிர் துடித்துக்கொண்டே இருந்தது ஞாபகமிருக்கிறதா? மயிருக்கு லென்ஸைத் திருகினால் அது ஊசிபோலத் தெரிகிறது, படம் மங்குகிறது. படத்துக்குத் திருகினால் மயிர் மங்குகிறது, படமும் நடுவில் மட்டும் தெளிகிறது. இரண்டு ராத்திரி இதையே மாறி மாறிச் செய்துகொண்டிருந்தேன். பிறகுதான் தோன்றியது: மயிர் ஒட்டியிருப்பது கேட்டில். பிலிம் கேட்டோடு படிந்து போனால் இரண்டும் ஒன்றாகவே தெளிய வேண்டுமே! பிலிம்தான் வளைந்து கேட்டை விட்டு விலகி நிற்கிறது. சூப்பர் 8 என்கிற இந்தச் சின்ன பிலிமில் ஒரு படத்தின் அகலம் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. அதை நாம் நாலடித் துணியில் 200 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம். நூலிழை விலகினாலும் போச்சு.

பிலிமை அழுத்திப் பிடிக்கிற தகட்டைக் கழற்றினால், ஓடுகிற தடம் முழுக்கப் பழைய பிலிமின் மருந்து உதிர்ந்து, புளியங்கொட்டைத் தோல் நிறத்தில் கட்டிப்பிடித்துக் கிடக்கிறது. இரும்பு பட்டால் கீறல் விழும், அந்தக் கீறல் ஓடுகிற ரீல் எல்லாவற்றிலும் கோடு போட்டுவிடும். அதனால் தென்னை ஈர்க்கிலைச் சீவி, செல்போன் ரிப்பேர் கடையில் வாங்கிய ஆல்கஹாலில் நனைத்து, மெள்ள மெள்ளச் சுரண்டினேன். ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. தகட்டுக்குப் பின்னாலிருந்த ஸ்பிரிங்கும் அழுக்கில் இறுகிப்போயிருந்தது. இப்போது விரலால் அமுக்கினால் துள்ளி வருகிறது.

நீ மேசையை ஓரமாகச் சரித்துப் போட்டிருந்தாய், அதனால் வலது பக்கம் எப்போதும் மங்கியே இருந்தது. திரைக்கு நேரே வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி 1974 என்று எழுதியிருக்கிற ரீலை ஓட்டினோம். 50 அடி, மூன்று நிமிஷம் இருபது விநாடி. கன்னியாகுமரிக் கடலில் விவேகானந்தர் மண்டபம் நிற்கிறது, பக்கத்துப் பாறை வெறும் பாறையாகக் கிடக்கிறது. வள்ளுவர் சிலை 2000-ல்தானே வந்தது. அடுத்தாற்போல நம் முற்றம். பாட்டி மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள், தலை நிமிரும்போது பாம்படம் ஆடுகிறது. அம்மை திரைக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டு, "அத்தையின் கன்னத்து மரு தெரியுதே" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணன் அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறார்.

ஒரு ரீலில் மட்டும் வினிகர் வாடை வருகிறது. பிலிம் கெட ஆரம்பித்துவிட்டால் அப்படித்தான் மணக்கும், சுருங்கி வளையவும் செய்யும். அதை நான் ஓட்டவில்லை, மற்ற ரீல்களோடு சேர்த்தும் வைக்கவில்லை. நீ வந்தால் அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்யக் கொண்டுபோக வேண்டும்.

வரும்போது ஒரு பல்பு வாங்கி வா. 12 வோல்ட், 100 வாட், ஹாலஜன். கண்ணாடியை வெறும் விரலால் தொட்டுவிடாதே. இருக்கிற பல்பு கறுக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் ஏழு ரீல் பார்க்கக் கிடக்கிறது.

அன்புடன்,
அப்பா